ட்ரயலா, அப்பீலா? மூன்று வருடம் முடித்த ஜூனியருக்கு வழி சொல்லுங்கள்

மூணாம்வருஷஜூனியர் கேட்டது:

வணக்கம். தாலுகா ஊர் ஒன்றில் முன்சீப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட், வாரத்தில் இரண்டு நாள் செசன்ஸ் (கொலை மாதிரி பெரிய கேஸ் நடக்கும் கோர்ட்) என்று சீனியர் பின்னால் கேஸ் கட்டு தூக்கிக்கொண்டு மூன்று வருடம் ஓடிவிட்டது. சீனியர் நல்ல ட்ரயல் வக்கீல், குறுக்கு விசாரணைக்கு எழுந்தார் என்றால் மற்ற கோர்ட்டிலிருந்து ஆட்கள் வந்து நின்று பார்ப்பார்கள். ஆனால் எனக்குக் கிடைப்பதெல்லாம் வாய்தா வாங்குவது, பெயில் மனு அடிப்பது, எப்போதாவது ஒரு மருத்துவ சாட்சி. ஜூனியருக்கு மாதம் பதினைந்தாயிரமாவது கொடுக்க வேண்டும் என்று 2024-ல் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டதைச் சீனியரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், அவரும் சிரித்தார், அத்தோடு சரி.

கூடப் படித்தவன் சென்னையில் அப்பீல் மட்டுமே பார்க்கும் ஒரு சேம்பரில் இருக்கிறான், வா என்கிறான். சாட்சி இல்லை, போலீஸ் ஸ்டேஷன் இல்லை, புத்தகமும் கட்டும்தான், சட்டம் கற்றுக்கொள்ள அதுதான் இடம் என்கிறான். அப்பாவோ மூன்று வருடம் ஆகிவிட்டதே, ஜட்ஜ் பரீட்சை எழுது என்கிறார். அதை அப்புறம் பார்க்கலாம்.

என் கேள்வி இதுதான். ட்ரயல் சரியாகத் தெரியாமல் அப்பீலுக்குப் போனால் பிழைக்க முடியுமா? இரண்டையும் ஒருவரே செய்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

கூண்டுக்குஎதிரே எழுதியது:

தம்பி, இருபத்திரண்டு வருடமாக செசன்ஸ் ட்ரயல்தான் எனக்குச் சோறு. நடுவில் கொஞ்சகாலம் என் கேஸ்களின் அப்பீலையும் நானே நடத்தினேன். என்ன கற்றேன் என்றால், ட்ரயலில் நாம் பேசுவது எதிரே உட்கார்ந்திருக்கும் ஜட்ஜிடம் மட்டும் இல்லை, ஐந்தாறு வருடம் கழித்து எங்கோ ஒரு ஹாலில் அந்தத் தாளைப் புரட்டப்போகிற, அந்தச் சாட்சியின் முகத்தையே பார்க்காத வேறு இரண்டு ஜட்ஜுகளிடமும்தான். இது எனக்கு உறைக்கப் பத்து வருடம் ஆயிற்று.

ஒரு அரிவாள் வெட்டு கேஸ். ராத்திரி எட்டு மணி, டீக்கடை முன்னால் நின்றிருந்ததாகச் சொல்லும் அ.சா.2, அதாவது அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையை நீட்டி, இங்கிருந்து அந்த பீரோ வரைக்கும் இருக்கும் என்றார். பீரோ ஹாலின் அந்தக் கோடியில், நாற்பது அடிக்குக் குறையாது. எனக்கு ஒரே சந்தோஷம், அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஜட்ஜ் டிக்டேட் செய்ய டைப்பிஸ்ட் அடித்தது என்ன தெரியுமா? "நான் நின்ற இடத்திலிருந்து சம்பவ இடம் அந்த பீரோ வரை உள்ள தூரம் இருக்கும்." அப்பீலில் எழுந்து நின்று அதை வாசித்தேன். பெஞ்சிலிருந்து ஒரே கேள்விதான் வந்தது, எந்த பீரோ? ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான், வேறு என்ன செய்ய. அன்றைக்கே, ஐயா, சுமார் நாற்பது அடி என்று பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆயுளுக்கும் தாளில் நின்றிருக்கும்.

நம் ஊர் சாட்சிப் பதிவில் பெரும்பாலும் கேள்வி இருக்காது, பதில் மட்டும் ஒரு கதை மாதிரி ஓடும். நீ கேட்டதும் சாட்சி அரை நிமிடம் எச்சில் விழுங்கிவிட்டுத் தெரியாது என்பான். தாளில் "எனக்குத் தெரியாது" என்று மட்டும் இருக்கும், அந்த அரை நிமிடம் காற்றில் போயிற்று. முக்கியமான இடமாக இருந்தால் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதியச் சொல்லிக் கேட்கலாம், சாட்சி நடந்துகொள்ளும் விதத்தைக் குறிக்கவும் ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டு. கேட்கத்தான் ஆள் இல்லை.

அதே கேஸில் இன்னொன்றும் செய்தேன், வெட்கமாக இருக்கிறது, பரவாயில்லை, சொல்கிறேன். முதல் விசாரணையில், அதாவது அரசு வக்கீல் தன் சாட்சியைக் கேட்டதில், வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாதிரி வரைபடத்தில் தெருவிளக்கு காட்டவில்லை, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரிலும் இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், இன்ஸ்பெக்டர் கூண்டேறும்போது வரைபடத்தில் விளக்கு இல்லை என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு ஆர்குமென்டில் அடித்திருக்கலாம். எனக்கோ கை அரித்தது. அந்த இருட்டில் வெட்டியவரை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று சாட்சியிடமே கேட்டுவிட்டேன். "அன்னைக்கு எங்க ஊர் கோயில் கொடை சார், தெரு முழுக்க ட்யூப்லைட் கட்டியிருந்தாங்க." அரசுத் தரப்பு மறந்துபோன வெளிச்சத்தை நான் என் செலவில் போட்டுக் கொடுத்தேன். தண்டனைத் தீர்ப்பில் அந்த வரியைக் கோடு போட்டு எடுத்திருந்தார்கள், எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு) குறுக்கு விசாரணையிலேயே வந்திருக்கிறது என்ற குறிப்போடு.

ஆகவே சீனியர் கேட்கிற கேள்விகளை எழுதி வைக்காதே. அவர் கேட்காமல் விடுகிறதை எழுதி வை.

டிவிஷன்பெஞ்ச் எழுதியது:

மேலே எழுதிய அண்ணன் சொன்னது முழுக்க உண்மை, அந்த பீரோக்களை நான் தினமும் பார்க்கிறேன். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2004-ல் வந்தது, நான் அதற்குச் சில வருடம் கழித்து இங்கே வந்தேன், அன்றிலிருந்து கிரிமினல் அப்பீல்தான் பெரும்பாலும். ட்ரயல் ஒன்றுகூட முழுதாக நடத்தியதில்லை. பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள் இல்லையா, முடியும். ஆனால் இது புத்தகமும் கட்டும் மட்டும்தான் என்று உங்கள் நண்பர் சொன்னால் அவர் இன்னும் கட்டைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று அர்த்தம்.

நான் தீர்ப்பைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் எஃப்ஐஆர், அதில் மாஜிஸ்திரேட்டுக்கு வந்து சேர்ந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட இடம், அப்புறம் மகஜர், வரைபடம், போஸ்ட்மார்ட்டம், அதற்குப் பிறகு ஒவ்வொரு சாட்சியாக. தீர்ப்பை முதலில் படித்தால் அந்த ஜட்ஜின் கண்ணாலேயே மொத்தக் கட்டையும் பார்க்க ஆரம்பித்துவிடுவோம், அதிலிருந்து வெளியே வருவது கஷ்டம். சாட்சிக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதுவேன், இடதுபக்கம் எனக்கு உதவுவது, வலதுபக்கம் என்னைக் கொல்வது. வலதுபக்கம் நிரம்புகிற வரைக்கும் எழுந்து பேசத் தயாராகவில்லை என்று பொருள்.

ஒரு கேஸ் கட்டை இப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போது எஃப்ஐஆர் ராத்திரி பத்து மணிக்குப் பதிவு, மாஜிஸ்திரேட் கையெழுத்து மறுநாள் மதியம் மூன்று மணி. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. இன்ஸ்பெக்டரின் குறுக்கு விசாரணையைப் புரட்டினால் ஏழு பக்கம், ஏன் தாமதம் என்று ஒரு கேள்வி இல்லை. பெஞ்சில் எடுத்து வைத்தேன். விளக்கம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ, கேட்காமல் விட்டுவிட்டு இங்கே வந்து பேசுகிறீர்களே என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. ஏழு பக்கத்தில் என்ன இருந்தது என்றால், "புலன் விசாரணை சரியாகச் செய்யவில்லை என்றால் சரியல்ல", "பொய்யாக வழக்குப் போட்டிருக்கிறேன் என்றால் சரியல்ல", இப்படிப் பதினெட்டு சரியல்ல. எண்ணிப் பார்த்தேன்.

இன்னொரு வியாதி, அப்பீல் மெமோவில் இருபத்தைந்து கிரவுண்ட், அதாவது ஆட்சேபக் காரணம். முதல் கிரவுண்ட் எப்போதும் ஒன்றுதான், தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்தின் எடைக்கும் வழக்கின் நிகழ்தகவுகளுக்கும் முரணானது. அதை வைத்து யாரும் விடுதலை ஆனதில்லை. நான் பேசும்போது மூன்று விஷயம், நல்ல நாளாக இருந்தால் இரண்டு. கேஸில் எனக்கு ஆகாத உண்மை எதுவோ அதை அரசு வக்கீல் சொல்லும் முன் நானே சொல்லிவிடுவேன். பெஞ்ச் கேள்வி கேட்டால் உடனே பதில், டைப்டு செட் (தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பு) பக்கம் 47, கீழிருந்து நாலாவது வரி என்று. "அதற்கு அப்புறம் வருகிறேன் மை லார்ட்" என்று சொல்லிப் போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

கட்டு மாறாமல் தீர்ப்பு மாறுவதற்கு நம் ஊர்ப் பழைய கேஸ் ஒன்றையே பாருங்கள், லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்து, மறுநாள் சாவு. நடிகர்கள் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் 1945-ல் ஜூரி முன்னால் விசாரணை, ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீல் தள்ளுபடி. அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் போய், அங்கிருந்து அப்பீலை மறுபடி கேட்கச் சொல்லித் திரும்பி வந்து, 1947-ல் அதே சென்னை ஹைகோர்ட்டில் வக்கீல் எத்திராஜ் வாதாடி விடுதலை. அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் ஜெயில், பாகவதரின் மார்க்கெட்டும் போனது. எல்லோரும் எத்திராஜின் பேச்சுத் திறமை என்று சொல்வார்கள், அவர் அதற்கு முன் கிரவுன் பிராசிக்யூட்டர் (வெள்ளைக்காரன் காலத்து அரசு வக்கீல்), அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் என்பதை மறந்துவிடுவார்கள். ஒரு கட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து வருடக்கணக்காகக் கட்டித் தெரிந்த ஆளுக்குத்தான் எந்த முடிச்சு இளகும் என்று கை போகும். என் கருத்து அவ்வளவே.

தாவாக்காரன் எழுதியது:

எல்லோரும் கொலைக் கேஸாகவே பேசுகிறீர்கள், சிவிலில் இருக்கிறவன் மனிதன் இல்லையா. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 1976 திருத்தத்துக்குப் பிறகு செகண்ட் அப்பீலில் (ஹைகோர்ட்டுக்குப் போகும் இரண்டாவது அப்பீல்) சட்டப் பிரச்சினை, அதுவும் கணிசமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். பாதை மூன்றடியா ஆறடியா என்பது முன்சீப் கோர்ட்டிலும் சார்பு நீதிமன்றத்திலும் முடிந்துபோன சமாசாரம். போன வருடம் ஒரு செகண்ட் அப்பீல் வந்தது, இருபது வருடமாகப் பகிரங்கமாக அனுபவித்து வருகிறார் என்று கட்சிக்காரர் என்னிடம் அழுகிறார், கீழே போட்ட எதிர்வாதவுரையில் எதிரிடை அனுபவ பாத்தியம் (பல வருட அனுபவத்தால் வரும் உரிமை) என்ற வார்த்தையே இல்லை. தாக்கலிலேயே இல்லாததை மேலே போய் எங்கே பேசுவது? கூடுதல் ஆவணம் சேர்க்க அதே சட்டத்தில் ஆர்டர் 41 ரூல் 27 இருக்கிறது என்பார்கள், அது கீழே முயற்சி செய்தும் கிடைக்காததற்கு, தூங்கினதற்கு இல்லை.

ஆனால் ட்ரயல் தெரியாதவன் அப்பீலுக்கு லாயக்கில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்த்த நல்ல அப்பீல் வக்கீல்களில் பாதிப் பேர் சாட்சியைக் கண்டால் பயப்படுகிறவர்கள். அவர்களுக்கு வேறு ஒரு மூக்கு. தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது, மொழிபெயர்த்த டெபாசிஷனை (சாட்சிப் பதிவை) மட்டும் படிக்கிறவன் பாதிக் கேஸைத் தொலைக்கிறான், "போட்டுட்டான்" என்று சாட்சி சொன்னதை இங்கிலீஷில் என்னென்னவோ ஆக்கி வைத்திருப்பார்கள்.

மூணாம்வருஷஜூனியர்:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். கூண்டுக்குஎதிரே அண்ணா, நீங்கள் நடத்திய ட்ரயலுக்கு நீங்களே அப்பீல் போவதை ஏன் நிறுத்தினீர்கள்? கேஸ் முழுக்கத் தெரிந்த ஆள் நீங்கள்தானே. அப்புறம் டிவிஷன்பெஞ்ச் மேடம், கீழ்க்கோர்ட்டில் விடுதலை வாங்கிய கேஸில் அரசு அப்பீல் போனால் எங்கள் நிலை என்ன? சீனியருக்கு அப்படி ஒன்று நிலுவையில் இருக்கிறது.

கூண்டுக்குஎதிரே:

முழுக்கத் தெரிந்ததுதான் தொந்தரவு. தாளில் இல்லாததும் எனக்குத் தெரியும், அந்த பீரோ எனக்குத் தெரியும், அந்தச் சாட்சி பொய் சொல்லும்போது துண்டைத் திருகுவது தெரியும். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பேசுவேன், பெஞ்சுக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியாது. இன்னொன்று, என் குறுக்கு விசாரணையில் ஓட்டை இருந்தால் அதை என் வாயால் சொல்ல மனம் வராது, அதனால் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவேன், பெஞ்ச் நேரே அங்கேதான் வந்து நிற்கும். கோயில் கொடை கேஸில் அப்படித்தான் ஆயிற்று. இப்போது மேலே ஒரு பெண் வக்கீலிடம் கொடுத்துவிடுகிறேன், கட்டோடு நாலு பக்கம் குறிப்பு, நான் எங்கே சொதப்பினேன் என்பது உட்பட. முதல் தடவை அதை எழுத இரண்டு நாள் பிடித்தது.

உன் விஷயத்தில் என் அபிப்பிராயம், இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இரு. ஆனால் சும்மா இருக்காதே. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இலவச சட்ட உதவிக் கேஸ் கேட்டு வாங்கு, சின்னத் திருட்டுக் கேஸாக இருந்தாலும் முதல் சாட்சியிலிருந்து ஆர்குமென்ட் வரை நீயே நடத்து. சாட்சி போலீஸிடம் சொல்லாததைக் கோர்ட்டில் புதிதாகச் சொன்னால் முதலில் சாட்சியிடம் அதைக் காட்டிக் கேள், அப்புறம் மறக்காமல் வாக்குமூலம் எழுதிய அதிகாரியிடம், இவர் அப்படிச் சொல்லவில்லை என்று வாங்கு. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் முதல் பாதி வீண், தாளில் முரண்பாடு நிரூபணம் ஆகாது. பெரிய பெரிய ஆட்கள் விடுகிற இடம் இது.

டிவிஷன்பெஞ்ச்:

விடுதலைக்கு எதிரான அப்பீல் என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். கீழே விடுதலை ஆனதால் நிரபராதி என்ற அனுமானம் இரட்டிப்பாகிறது, இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்தால் மேலே கை வைக்க மாட்டார்கள். சந்திரப்பா எதிர் கர்நாடகா, 2007 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, அதை எடுத்து முழுதாகப் படியுங்கள், தலைக்குறிப்பை மட்டும் படிக்க வேண்டாம். அதற்காகத் தூங்கவும் வேண்டாம், சாட்சியம் முழுவதையும் மறுபடி எடை போட ஹைகோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. சட்டம் மாறியதில் நம்பர்களையும் பழகிக்கொள்ளுங்கள், அப்பீல் கோர்ட்டின் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 386, இப்போது பிஎன்எஸ்எஸ் என்ற புதிய சட்டத்தில் 427. எனக்கு இன்னும் வாயில் வரவில்லை, எழுதி மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அண்ணன் இரண்டு வருடம் என்கிறார், நான் ஒரு வருடம் என்பேன். எதுவானாலும் வருவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சீனியர் தோற்ற கேஸ் ஒன்றின் கட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும், ஹைகோர்ட் தீர்ப்பும் அதோடு இருக்கும். தீர்ப்பை மூடி வைத்துவிட்டு நீங்களே அப்பீல் வக்கீலாக ஒரு குறிப்பு எழுதுங்கள், பிறகு ஹைகோர்ட் எதைப் பிடித்தது என்று திறந்து பாருங்கள். கொஞ்சம் வலிக்கும்.

கட்டுதூக்கி எழுதியது:

நான் வக்கீல் இல்லை, குமாஸ்தா, முப்பது வருட சர்வீஸ். பெரியவர்கள் சட்டம் பேசுகிறீர்கள், நான் தேதி மட்டும் சொல்கிறேன். மாஜிஸ்திரேட் தண்டனைக்கு செசன்ஸில் அப்பீல் 30 நாள், செசன்ஸ் தண்டனைக்கு ஹைகோர்ட்டில் 60 நாள், தூக்கு என்றால் 30. சிவில் என்றால் ஹைகோர்ட்டுக்கு 90, கீழே 30. நகல் வாங்க ஆன நாள் கழியும், ஆனால் மனு போட்டதிலிருந்துதான் கழியும், நீங்கள் சும்மா இருந்த நாள் கழியாது. நகலின் பின்பக்கம் சீலில் மனுப் போட்ட தேதி, ஸ்டாம்பு கேட்ட தேதி, கொடுத்த தேதி எல்லாம் இருக்கும். கேட்டுப் பத்து நாள் கழித்து ஸ்டாம்பு கொடுத்தால் அந்தப் பத்து நாள் உங்கள் கணக்கு. எத்தனை சீனியர் இந்தச் சீலைப் பார்க்காமலே தாமத மன்னிப்பு மனு போட வேண்டி வந்தது என்று எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

மூணாம்வருஷஜூனியர்:

ஐயா, நல்ல வேளை சொன்னீர்கள். போன வெள்ளிக்கிழமை எங்கள் கேஸ் ஒன்றில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இரண்டு வருடம் போட்டுவிட்டார்கள். அப்பீல் போக முப்பது நாள் தண்டனையை அங்கேயே நிறுத்தி வைத்துப் பெயிலும் கிடைத்தது. அப்பீல் மெமோவை நீயே எழுது என்று சீனியர் நேற்றுச் சொல்லிவிட்டார், அந்தக் குழப்பத்தில்தான் இந்தக் கேள்வியே கேட்டேன்.

கட்டுதூக்கி:

தீர்ப்பு நகல் எதிரி (தண்டனை பெற்றவர்) கையில் இலவசமாகக் கொடுத்திருப்பார்கள், அதற்குக் காத்திருக்க வேண்டாம். சாட்சிகளின் டெபாசிஷன், எக்ஸிபிட்டுக்கு (வழக்கில் குறியிட்ட ஆவணங்களுக்கு) நகல் மனு போட்டாயிற்றா?

மூணாம்வருஷஜூனியர்:

இல்லை ஐயா. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் போட்டுவிடுகிறேன்.

கட்டுதூக்கி:

நாளைக்கு உங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை தம்பி. மணி இப்போது மூணேகால், நகல் செக்‌ஷனில் இன்னும் ஆள் இருப்பார்கள்.